பூட்டிய கதவும் ஐம்பது ஆண்டு ஆண்டறிக்கைகளும்: பெர்க்‌ஷயர் ஹாத்வேயின் வாசிப்புப் பழக்கம் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

தொழில் நடத்துபவர்களிடம் "தினமும் படியுங்கள்" என்று சொல்லாதவர் இல்லை. ஆனால் ஒரு நிறுவனத்தின் தலைவர் அன்றாடம் சில மணி நேரம் உட்கார்ந்து படிப்பதால் அந்த நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் என்ன மாறுகிறது என்று கேட்டால், அறிவு வளரும், பார்வை விரியும், மனம் தெளியும் என்ற பொதுவான பதில்களே பெரும்பாலும் கிடைக்கின்றன. அவற்றில் பொய் எதுவும் இல்லை என்றாலும், மாதக் கடைசியில் சம்பளத்துக்கும் வங்கித் தவணைக்கும் பணம் புரட்டிக்கொண்டிருக்கும் ஒருவரை அரை மணி நேரம் நாற்காலியில் உட்கார வைக்க அவை போதா. எந்தப் படிப்பு எந்த முடிவாக மாறியது, அந்த முடிவு எவ்வளவு பணமாக மாறியது, எங்கே படித்தும் தவறிப்போனது என்பதைத் தேதியோடும் தொகையோடும் பின்தொடரக்கூடிய ஒரு நிறுவனத்தை எடுத்துப் பார்ப்பதே நேர்மையான வழி என்று எனக்குப் பட்டது.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் உள்ள ஒமாஹா நகரின் பெர்க்‌ஷயர் ஹாத்வே அப்படிப்பட்ட நிறுவனம். நலிந்துகொண்டிருந்த ஒரு பருத்தித் துணி ஆலையாக இருந்த அதன் கட்டுப்பாட்டை 1965இல் வாரன் பஃபெட் பெற்றார். 2025ஆம் ஆண்டின் இறுதி வரை அவரே அதை வழிநடத்தினார். ஒவ்வோர் ஆண்டும் பங்குதாரர்களுக்கு அவர் எழுதிய கடிதங்களில், வாங்கியவை, விற்றவை, அவற்றுக்கான காரணங்கள், செய்த பிழைகள் எல்லாம் அவருடைய சொற்களிலேயே இருக்கின்றன. ஒரு தலைவரின் வாசிப்பையும் அவருடைய முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இவ்வளவு நீண்ட பதிவு வேறெங்கும் எளிதில் கிடைப்பதில்லை.

இந்த ஆய்வில் நான் வந்து சேர்ந்த கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேள்வி எழுந்த பிறகு விடை தேடிப் படிப்பதை எல்லாருமே செய்கிறார்கள். அதற்குப் பழக்கம் என்று ஒன்று தேவையில்லை. கேள்வி எழுவதற்கு முன்பே, எதற்கென்று தெரியாமலேயே, நாள்தோறும் படித்து வைத்திருப்பதுதான் பழக்கம். பெர்க்‌ஷயரின் பெரிய முடிவுகள் பலவற்றிலும் வேலை செய்தது அந்த இரண்டாவது வகைப் படிப்பே.

1951, ஒரு சனிக்கிழமை

பஃபெட் 1930இல் பிறந்தவர். தந்தை பங்குத் தரகர். பதினொரு வயதுக்குள் ஒமாஹா பொது நூலகத்தில் முதலீடு பற்றி இருந்த நூல்கள் அனைத்தையும் படித்துவிட்டதாக அவரே பலமுறை கூறியிருக்கிறார். பின்னர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பெஞ்சமின் கிரகாமிடம் மாணவராகச் சேர்ந்தார். தம் ஆசிரியரைப் பற்றி மேலும் அறிந்துகொள்ள விரும்பி, பிரமுகர்களின் விவரத் தொகுப்பு ஒன்றைப் புரட்டியபோது, கிரகாம் ஓர் காப்பீட்டு நிறுவனத்தின் இயக்குநர் குழுத் தலைவர் என்ற ஒரு வரி கண்ணில் பட்டது. நிறுவனத்தின் பெயர் கைகோ. அந்தப் பெயரையும் அவர் கேள்விப்பட்டதில்லை, அந்தத் தொழிலும் அவருக்குத் தெரியாது. நூலகர் ஒருவர் காப்பீட்டு நிறுவனங்களின் விவரங்கள் அடங்கிய ஒரு தடித்த கையேட்டை எடுத்துக் கொடுத்தார். கைகோவின் தலைமையகம் வாஷிங்டனில் இருப்பது அதிலிருந்துதான் தெரியவந்தது.

1951 ஜனவரி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, இருபது வயது மாணவர் ரயிலேறி வாஷிங்டன் போனார். அலுவலகம் பூட்டியிருந்தது. அவர் திரும்பிப் போகாமல், துப்புரவுப் பணியாளர் ஒருவர் வந்து பார்க்கும் வரை கதவைத் தட்டினார். உள்ளே பேசுவதற்கு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டபோது, ஆறாவது மாடியில் ஒருவர் வேலை செய்துகொண்டிருக்கிறார் என்று அந்தப் பணியாளர் சொன்னார். அந்த ஒருவர், நிறுவனத் தலைவரின் உதவியாளராக அப்போது இருந்த, பின்னாளில் அந்த நிறுவனத்துக்கே தலைமையேற்ற லோரிமர் டேவிட்சன். முன்பின் தெரியாத மாணவருக்கு அவர் ஏறக்குறைய நான்கு மணி நேரம் காப்பீட்டுத் தொழிலை விளக்கினார்.

இந்தக் காட்சியைத் துணிச்சலுக்கு உதாரணமாகச் சொல்வது வழக்கம். நான் இதில் வேறொன்றைப் பார்க்கிறேன். கதவைத் தட்டும் துணிச்சல் ஆயிரம் பேருக்கு இருந்திருக்கும். எந்தக் கதவு என்று தெரிந்திருந்தது ஒருவருக்குத்தான். அது ஒரு விவரத் தொகுப்பின் ஒற்றை வரியிலிருந்தும், நூலகர் நீட்டிய ஒரு கையேட்டிலிருந்தும் வந்தது.

கைகோவின் தொழில் நுட்பம் எளிமையானது. 1936இல் லியோ குட்வின் தொடங்கியபோதே, ஏஜெண்டுகள் இல்லாமல், அஞ்சல் வழியாக, அரசு ஊழியர்களுக்கு நேரடியாக வாகனக் காப்பீடு விற்பது என்று தீர்மானித்திருந்தார். கமிஷன் செலவு கிடையாது. கவனமாக வண்டி ஓட்டும் பிரிவினரே வாடிக்கையாளர்கள். மற்றவர்களைவிடக் குறைந்த பிரீமியம் வாங்கியும் மற்றவர்களைவிட அதிக லாபம் ஈட்ட இந்த இரண்டும் போதுமாக இருந்தன. பஃபெட் அந்த ஆண்டிலேயே நான்கு தவணைகளில் 350 பங்குகளை 10,282 டாலருக்கு வாங்கினார். ஆண்டு முடிவில் அவற்றின் மதிப்பு 13,125 டாலர். அவருடைய மொத்தச் சொத்தில் அது 65 சதவீதத்துக்கும் மேல்.

மறு ஆண்டே அவற்றை 15,259 டாலருக்கு விற்றுவிட்டார். வேறொரு காப்பீட்டு நிறுவனத்தின் பங்கு மிக மலிவாகக் கிடைத்ததே காரணம். அவர் விற்ற கைகோ பங்குகள் அடுத்த இருபது ஆண்டுகளில் ஏறக்குறைய 13 லட்சம் டாலராக வளர்ந்தன. இதைத் தம் 1995ஆம் ஆண்டுக் கடிதத்தில் அவரே எழுதியிருக்கிறார். படிப்பு அவருக்கு அந்த நிறுவனத்தை அறிமுகம் செய்தது. அதைக் கையில் வைத்திருக்கும் பொறுமையைத் தரவில்லை. ஆனால் படித்தது வீணாகவும் இல்லை என்பதற்கு 1976 சாட்சி.

அந்த ஆண்டில் கைகோ ஏறக்குறைய திவாலாகும் நிலைக்கு வந்தது. எதிர்காலத்தில் கொடுக்க வேண்டியிருக்கும் இழப்பீட்டுத் தொகைகளைக் குறைவாக மதிப்பிட்டு, அதனால் பிரீமியத்தையும் குறைவாக வைத்து, கண் மூடிக்கொண்டு விரிவடைந்ததன் விளைவு அது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது மூழ்கும் கப்பல். இருபத்தைந்து ஆண்டுகளாக அந்த நிறுவனத்தைப் பற்றிப் படித்துவந்த ஒருவருக்கோ, கணக்கிடும் முறையில் வந்த கோளாறு வேறு, ஏஜெண்டு இல்லாமல் விற்பதால் வரும் அடிப்படைச் செலவுக் குறைவு வேறு என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. முதலாவது சரிசெய்யக்கூடியது, இரண்டாவது அப்போதும் அப்படியே இருந்தது. பெர்க்‌ஷயர் 1976 தொடங்கி 1980 வரை 4.57 கோடி டாலர் முதலீடு செய்து நிறுவனத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பெற்றது. கைகோ தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்கியதால் அந்தப் பங்கு பாதியாக உயர்ந்தது. மீதிப் பாதியை 230 கோடி டாலருக்கு வாங்க 1995இல் ஒப்பந்தமானது. பூட்டிய கதவுக்கும் இந்த ஒப்பந்தத்துக்கும் இடையே 44 ஆண்டுகள்.

கால் மணி நேர வாய்ப்பு

கைகோ கதையின் நடுவே இன்னொன்று நடந்தது. பெர்க்‌ஷயரின் வரலாற்றில் அதுவே பெரிய திருப்பம். ஒமாஹாவில் ஜாக் ரிங்வால்ட் என்பவர் நேஷனல் இண்டெம்னிட்டி என்ற காப்பீட்டு நிறுவனத்தை நடத்திவந்தார். விற்கும் எண்ணம் அவருக்கு இல்லை. ஆனால் ஏதாவது ஒன்று எரிச்சலூட்டினால் ஆண்டுக்கு ஒரு முறை ஒரு கால் மணி நேரத்துக்கு விற்றுவிடலாம் என்று தோன்றும். அந்தக் கால் மணி நேரம் எப்போது வருகிறது என்று சொல்லும்படி பொது நண்பர் ஒருவரிடம் பஃபெட் கூறியிருந்தார். 1967இல் அது வந்தது. 86 லட்சம் டாலருக்கு நிறுவனம் கைமாறியது.

இங்கே கவனிக்க வேண்டியது, விற்பவரின் மனம் மாறுவதற்குள் வாங்குபவர் முடிவெடுத்தாக வேண்டும் என்பதே. காப்பீட்டுத் தொழில் எப்படிப் பணம் ஈட்டுகிறது, பிரீமியமாக முன்கூட்டி வரும் தொகை இழப்பீடாக வெளியே போகும் வரை இடையில் யார் கையில் இருக்கிறது, அதை எப்படி முதலீடு செய்யலாம் என்பதையெல்லாம் அன்று காலையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டிருக்க முடியாது. ஆலோசகரை அழைத்து அறிக்கை கேட்டிருந்தால், அறிக்கை வருவதற்குள் ரிங்வால்டின் எரிச்சல் தணிந்திருக்கும். 1951 முதல் பதினாறு ஆண்டுகள் சேர்த்துவைத்த படிப்பு அந்தச் சிறு பொழுதில் பயன்பட்டது. பெர்க்‌ஷயரின் பிற்கால வளர்ச்சிக்கெல்லாம் மூலதனமாக இருந்தது இந்தக் காப்பீட்டு நிறுவனங்களின் கையிருப்பே. துணி ஆலையோ 1985இல் மூடப்பட்டது.

எப்படிப் படித்தார்கள்

கொலம்பியாவிலிருந்து திரும்பிய இளமைக் காலத்தில், அமெரிக்க நிறுவனங்களின் விவரங்களைத் தொகுத்து மூடிஸ் வெளியிட்டுவந்த தடித்த கையேடுகளை, ஏறக்குறைய பத்தாயிரம் பக்கங்களை, ஒன்று விடாமல் இரண்டு முறை பஃபெட் புரட்டினார். பொடி எழுத்தில் அச்சான, கதையோ கருத்தோ இல்லாத, எண்களும் இரண்டு வரி விவரமும் மட்டுமே கொண்ட பக்கங்கள் அவை. பெரும்பாலான பக்கங்களில் ஒன்றும் இல்லை என்பது அவருக்கும் தெரியும். எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது தெரியாததால்தான் எல்லாப் பக்கங்களையும் புரட்டினார்.

பிற்காலத்தில் அவருடைய அலுவலகம் ஒமாஹாவின் ஃபர்னாம் தெருவில், சுமார் 25 பேர் மட்டுமே பணியாற்றும் ஒரு தளம். மேசையில் கணினி கிடையாது. செய்தித்தாள்கள், ஆண்டறிக்கைகள், தொழில் இதழ்கள் என்று நாளின் பெரும்பகுதி படிப்பதிலேயே போனது. பில் கேட்ஸ் ஒருமுறை தொலைக்காட்சி நேர்காணலில், பஃபெட்டின் சிறு நாட்குறிப்பில் பல நாட்கள் எதுவும் எழுதப்படாமல் வெறுமையாக இருப்பதைக் கண்டு தாம் கற்றுக்கொண்டதைச் சொன்னார்: ஒவ்வொரு நிமிடத்தையும் சந்திப்புகளால் நிரப்புவதுதான் பொறுப்பான தலைமை என்று அதுவரை அவர் எண்ணியிருந்தார். என்னைப் பொறுத்தவரை இந்த ஆய்வின் மிக முக்கியமான சான்றுப் பொருள் அந்த வெற்றுப் பக்கங்கள். "நேரம் கிடைத்தால் படிப்பேன்" என்று சொல்கிறவருக்கு நேரம் ஒருபோதும் கிடைப்பதில்லை. பெர்க்‌ஷயரில் படிப்புக்கான நேரம் முதலில் ஒதுக்கப்பட்டது. சந்திப்புகள் மிச்சத்தில் நடந்தன.

அவருடைய நீண்டகாலக் கூட்டாளி சார்லி மங்கர், 2023இல் தம் நூறாவது பிறந்தநாளுக்குச் சில வாரங்கள் முன்பு மறைந்தவர், இன்னும் பரந்து படித்தவர். அறிவியல், வாழ்க்கை வரலாறு, உளவியல் எல்லாம் அவருக்கு வணிகப் படிப்பே. கால் முளைத்த புத்தகம் என்று தம் பிள்ளைகள் தம்மைக் கேலி செய்வதாக அவரே சொல்லியிருக்கிறார். அவர் சொன்ன ஒரு கணக்கை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பேரன்ஸ் என்ற வார இதழை அவர் ஐம்பது ஆண்டுகள் படித்தார். அந்த ஐம்பது ஆண்டுகளில் முதலீடு செய்யத் தக்கதாக அவருக்குக் கிடைத்த வாய்ப்பு ஒன்றே ஒன்று. அதில் அவர் ஈட்டியது சுமார் 8 கோடி டாலர். ஆண்டுக்கு 52 இதழ்கள் என்றால் ஏறக்குறைய 2,600 இதழ்கள். ஓர் இதழைத் தவிர மற்ற எல்லாம் நேரடிப் பலன் தராதவை. ஆனால் அந்த ஓர் இதழ் வந்த வாரத்தில், அது மற்றவற்றிலிருந்து வேறுபட்டது என்று கண்டுகொள்ள, மற்ற இதழ்களைப் படித்திருந்த கண் தேவைப்பட்டது. இன்று படித்ததற்கு இன்றே கூலி எதிர்பார்ப்பவர்கள் மூன்றாவது வாரத்தில் சந்தாவை நிறுத்திவிடுவார்கள்.

இந்த முறை வயதோடு தேய்ந்துவிடவும் இல்லை. 2002, 2003ஆம் ஆண்டுகளில் சீன எண்ணெய் நிறுவனமான பெட்ரோசீனாவின் ஆண்டறிக்கையைப் படித்து, நிறுவனத்தின் மதிப்பு சுமார் 10,000 கோடி டாலர் இருக்கும் என்று பஃபெட் கணித்தார்; சந்தையிலோ அது ஏறக்குறைய 3,700 கோடிக்குக் கிடைத்தது. 48.8 கோடி டாலருக்கு வாங்கிய 1.3 சதவீதப் பங்கை 2007இல் 400 கோடி டாலருக்கு விற்றது பெர்க்‌ஷயர். பின்னர் ஜப்பான். இரண்டாயிரம், மூவாயிரம் ஜப்பானிய நிறுவனங்களின் சுருக்க விவரங்கள் கொண்ட ஒரு சிறு கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, ஐந்து பெரிய வர்த்தக நிறுவனங்களின் பங்குகள் நம்ப முடியாத அளவு மலிவாக இருப்பதைக் கண்டதாக 2025 மே மாதப் பங்குதாரர் கூட்டத்தில் அவர் கூறினார். இட்டோச்சு, மருபெனி, மிட்சுபிஷி, மிட்சுய், சுமிட்டோமோ ஆகிய அந்த ஐந்தையும் 2019 ஜூலை முதல் வாங்கத் தொடங்கி, 2020 ஆகஸ்ட் இறுதியில், அவருடைய தொண்ணூறாவது பிறந்தநாளையொட்டி, அறிவித்தார்கள். 2024 இறுதியில் அவற்றுக்குச் செலவான தொகை 1,380 கோடி டாலர், சந்தை மதிப்பு 2,350 கோடி டாலர். இருபது வயதில் மூடிஸ் கையேட்டைப் புரட்டிய அதே கை, எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது வயதில் ஜப்பானியக் கையேட்டைப் புரட்டியிருக்கிறது. அந்தக் கையேடு விலை கொடுத்தால் யாருக்கும் கிடைக்கக்கூடியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஐபிஎம்: படித்தும் தவறிய இடம்

இவ்வளவோடு நிறுத்தினால் இந்த ஆய்வு விளம்பரமாகிவிடும். 2011 நவம்பரில், கணினித் தொழில்நுட்ப நிறுவனமான ஐபிஎம்மின் பங்குகளில் பெர்க்‌ஷயர் சுமார் 1,070 கோடி டாலர் முதலீடு செய்திருப்பதை பஃபெட் அறிவித்தார். அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையை ஐம்பது ஆண்டுகளாக ஒவ்வோர் ஆண்டும் படித்துவந்ததாகவும், அந்த ஆண்டு படித்தபோதுதான் வேறு விதமாகப் பார்க்கத் தோன்றியது என்றும் அப்போது சொன்னார். கைகோவைப் படித்ததைவிட இரு மடங்கு காலம் படித்த நிறுவனம் அது. இருந்தும் முதலீடு தவறாகப் போனது. ஐபிஎம்மின் வருவாய் அடுத்தடுத்து 22 காலாண்டுகள், 2017 வரை, முந்தைய ஆண்டைவிடக் குறைந்துகொண்டே வந்தது. தாம் தவறாகக் கணித்துவிட்டதை பஃபெட் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். 2018க்குள் பங்குகள் முழுவதும் விற்கப்பட்டன.

ஐம்பது ஆண்டு வாசிப்பு ஏன் காப்பாற்றவில்லை? ஆண்டறிக்கை என்பது ஒரு நிறுவனம் தன்னைப் பற்றித் தானே சொல்லும் கதை. கைகோ விஷயத்தில் அந்தக் கதையும் தொழிலின் உண்மையும் ஒன்றாக இருந்தன. தொழிலின் அடிப்படை மாறவில்லை. ஐபிஎம்மைச் சூழ்ந்திருந்த தொழிலோ அதன் காலடியிலேயே மாறிக்கொண்டிருந்தது. நிறுவனங்கள் தங்கள் கணினிகளைத் தாங்களே வைத்துப் பராமரிப்பதைக் கைவிட்டு, அமேசான் போன்றவர்களிடம் கிளவுட் சேவையாக வாடகைக்கு எடுக்கத் தொடங்கியிருந்தன. இந்த மாற்றத்தின் தடம் ஐபிஎம்மின் அறிக்கையைவிடப் போட்டியாளர்களின் அறிக்கைகளிலும் வாடிக்கையாளர்களின் நடத்தையிலும் முன்பே தெரிந்திருக்கும் என்பது என் கருத்து. ஒரு நிறுவனத்தைப் பற்றி அறிய அதன் போட்டியாளர்களின் அறிக்கைகளையும் படிக்க வேண்டும் என்று சொல்லிவந்தவர் பஃபெட்தான். தமக்குப் பழகாத தொழிலில் அந்த அறிவுரையை முழுமையாகப் பின்பற்றுவது அவருக்கே எளிதாக இருக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. நீண்ட காலம் ஒன்றைப் படித்தவருக்கு, அதைத் தாம் அறிந்திருக்கிறோம் என்ற நம்பிக்கை தானாக வளர்ந்துவிடுகிறது. அந்த நம்பிக்கையைக் குலைக்கக்கூடிய எதையாவது தேடிப் படிக்காதவரை, படிப்பின் நீளமே ஒரு மயக்கமாகிவிடும். மங்கர் இதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறார்: தமக்கு மிகப் பிடித்த கருத்துக்கு எதிரான வாதத்தை, எதிர்த்தரப்பினரைவிட நன்றாகச் சொல்ல முடிந்தால் மட்டுமே அந்தக் கருத்தை வைத்துக்கொள்ளத் தமக்கு உரிமை உண்டு என்று அவர் ஒரு விதியாகவே வைத்திருந்தார். வாசிப்புப் பழக்கத்தைப் பரிந்துரைப்பவர்கள் இந்த விதியையும் சேர்த்தே பரிந்துரைக்க வேண்டும்.

ஆலை நடத்துபவருக்கு இது பொருந்துமா

நான் இந்தக் கதையைச் சொல்லும் போதெல்லாம் எழும் நியாயமான ஆட்சேபம் ஒன்று உண்டு. பஃபெட் முதலீட்டாளர், படிப்பதே அவர் தொழில். காலையில் மின்சாரம் போய், மதியம் லாரி வராமல், மாலையில் ஆள் பற்றாக்குறையோடு அல்லாடும் உற்பத்தியாளருக்கு அறை மூடிப் படிக்க வழியேது?

முழுக்க முழுக்க இயக்கத்திலேயே வாழும் நிறுவனம் ஒன்று இதற்கு வேறு விதமாக விடை கண்டது. சியாட்டில் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட அமேசானில் 2004 ஜூன் மாதம் அதன் அப்போதைய தலைவர் ஜெஃப் பெசோஸ், உயர்நிலைக் கூட்டங்களில் பவர்பாயின்ட் விளக்கக்காட்சிகளை நிறுத்தினார். அதற்குப் பதிலாக, சொல்ல வேண்டியதை முழு வாக்கியங்களில், அதிகபட்சம் ஆறு பக்கங்களில் எழுதிக் கொண்டுவர வேண்டும். கூட்டம் தொடங்கியதும் அனைவரும், பெசோஸ் உட்பட, அந்தப் பக்கங்களை அங்கேயே மௌனமாகப் படிப்பார்கள். அதன் பிறகே பேச்சு. முன்கூட்டியே கொடுத்தால் என்ன என்ற கேள்விக்கு அவர் சொன்ன காரணம், படிக்காமலேயே படித்ததுபோல் காட்டிக்கொள்வது மேலதிகாரிகளுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பொதுவான குணம் என்பதே. நேரம் கிடைக்காது என்பதை ஏற்றுக்கொண்டு, வேலை நேரத்துக்குள்ளேயே படிப்பை வைத்துக் கட்டிய ஏற்பாடு இது. ஒமாஹாவின் வெற்று நாட்குறிப்பும் சியாட்டிலின் மௌனக் கூட்டமும் வெளித் தோற்றத்தில் வேறு; இரண்டிலும் தலைவர், பிறர் சுருக்கிச் சொன்னதை நம்பாமல், முழுத் தாளையும் தம் கண்ணால் படிக்கிறார்.

அந்த ஒரு கூறு எவ்வளவு விலையுள்ளது என்பதை நான் திருப்பூரில் ஒரு தணிக்கையாளனாகக் கண்ணெதிரே பார்த்திருக்கிறேன். 2023 பிப்ரவரி 1 அன்று நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட நிதி மசோதா, வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் (எச்) என்ற சிறு உட்பிரிவைச் சேர்த்தது. குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தை, அந்நிறுவனங்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த கெடுவுக்குள், அதாவது எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாட்களிலும் இருந்தால் அதிகபட்சம் 45 நாட்களிலும் தராவிட்டால், பணம் கொடுத்த ஆண்டில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும் என்பதே அதன் சாரம். 2023 ஏப்ரலில் தொடங்கிய நிதியாண்டின் கணக்கிலிருந்தே அது நடைமுறைக்கு வந்தது. தொண்ணூறு நாள், நூற்றிருபது நாள் கடன் என்பது நடைமுறையாகிப்போன ஊரில் இது சிறிய செய்தி அல்ல. படித்து, ஏற்பாடு செய்துகொள்ள ஓராண்டுக்கும் மேல் அவகாசம் இருந்தது.

2024 பிப்ரவரி கடைசி வாரத்தில், இருபது ஆண்டாக எனக்குத் தெரிந்த பின்னலாடை உற்பத்தியாளர் ஒருவர் கைப்பேசியை நீட்டியபடி என் அறைக்குள் வந்தார். திரையில் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு செய்தி. "சார், இது நெசமுங்களா? இல்ல யாராச்சும் கெளப்பி விட்டதுங்களா?" என்று கேட்டார். சாயப்பட்டறைக்கும் நிட்டிங் கூலிக்கும் அவர் தர வேண்டிய பாக்கியில் பெரும்பகுதி கெடுவைத் தாண்டியிருந்தது. முந்தைய ஆண்டு மார்ச்சிலேயே இதைப் பற்றி நான் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் இரண்டு பக்கக் குறிப்பு அனுப்பியிருந்தேன். அவருடைய கணக்காளர் மறுநாள் கோப்பைக் கொண்டுவந்தார். குறிப்பு இருந்த உறையின் மேல் ஓரத்தில் அடித்திருந்த ஸ்டேப்ளர் பின் அப்படியே இருந்தது. உறை திறக்கப்படவே இல்லை. அனுப்பியதோடு என் கடமை முடிந்ததென்று நான் இருந்ததும் தவறுதான். ஒரு தொலைபேசி அழைப்பு போதுமாக இருந்திருக்கும். அந்த மார்ச் மாதம் அவர் அவசரக் கடன் வாங்கி, முடிந்தவரை பாக்கியைத் தீர்த்தார். தீர்க்க முடியாமல் போன தொகைக்கு, ஈட்டாத லாபத்துக்கு வரி கட்டுவது போல் அந்த ஆண்டில் வரி கட்டினார்.

அதற்குப் பிறகு அவர் செய்த ஏற்பாடு மிகச் சிறியது. காலை ஏழு மணிக்கு ஆலைக்கு வந்ததும், முதல் ஷிப்டு சூப்பர்வைசர் வருவதற்கு முன் நாற்பது நிமிடம் அலுவலக அறையில் கைப்பேசி இல்லாமல் உட்காருகிறார். முதலில் வந்த கடிதங்களையும் சுற்றறிக்கைகளையும் முழுதாகப் படித்தார். சில மாதங்களில் அவை தீர்ந்துபோகவே, தம்மிடம் சரக்கு எடுக்கும், பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளை அச்செடுத்துப் படிக்க ஆரம்பித்தார். நிறுவனங்கள் தங்களுக்கு வர வேண்டிய பாக்கி எத்தனை மாதப் பழையது என்று வயதுவாரியாகப் பிரித்துக் காட்ட வேண்டும் என்பது 2021 முதல் இந்தியாவில் கட்டாயம். அந்தப் பட்டியல் அறிக்கையின் பின்பகுதியில், குறிப்புகளுக்கு நடுவே, பொடி எழுத்தில் இருக்கும். முன்பக்கத்து வண்ணப் படங்களைப் பார்ப்பவர்கள் அந்த இடம் வரை வருவதில்லை.

சென்ற மாதம் ஒரு காலை ஏழே முக்கால் மணிக்கு அவரிடமிருந்து அழைப்பு வந்தது. பெரிய ஆர்டரோடு நூற்றைம்பது நாள் கடன் கேட்கும் ஒரு நிறுவனத்தின் அறிக்கை அவர் முன் விரிந்திருந்தது. "சார், பாக்கிப் பட்டியல்ல ஆறு மாசத்துக்கு மேல, ஒரு வருசத்துக்குள்ளன்னு ஒரு கட்டம் இருக்குதுங்க. போன வருசம் அதுல இருந்தது இந்த வருசம் ரெண்டு மடங்காயிருக்குது. இவங்களுக்கே காசு வராம நிக்குதுங்களே, எனக்கு எதை வச்சுக் குடுப்பாங்க?" என்று கேட்டார்.